பீற்றிஸ் பூசிய சுவர்

“என்ன சொன்னாலும் இந்தச் சுவரில உளி வைக்க விடமாட்டன் சேர்.”

பீற்றிஸ் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். பொறியியல் விரிவுரையாளர் ஹெக்டர் கையில் உளியோடு விழித்தார்.

பத்து நாளில் கொழும்பில் தேசிய நிலநடுக்கப் பொறியியல் மாநாடு. மாங்கேணியிலுள்ள இந்த மண்வீட்டைப் பற்றித்தான் அவர் கட்டுரை வாசிக்கப்போகிறார். போர் நடந்த தொண்ணூற்றாறில் பக்கத்து வளவில் ஷெல் குண்டு விழுந்தபோது கல்வீடுகளே சரிந்தன. இந்தச் சுவரில் கீறல் விட்டதே தவிர, அது விழவில்லை. சமாதானம் வந்து பாதை திறந்த பிறகு விஷயம் அவர் காதுக்கு எட்டியது. உள்ளே என்னதான் இருக்கிறது என்று தெரியாமல் கட்டுரையை எப்படி முடிப்பது?

“உள்ளங்கையளவு ஓட்டைதான் அக்கா. பார்த்திட்டு நானே பூசித் தாறன்.”

“என்னையும் மூணு பிள்ளைகளையும் காப்பாத்தின சுவர் சேர் இது. அதோட, இஞ்ச பூமி எப்ப நடுங்கின?”

“ஷெல்லுக்கு நடுங்கினதும் நடுக்கந்தானே. இந்தச் சூட்சுமம் தெரிஞ்சா நாளைக்கு எத்தனையோ ஏழை வீடு விழாம நிக்கும்.”

அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். வேலியோரம் கணவன் யோசேப் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான்: “என்ட வலைய எடுத்த கள்ளன் மட்டும் கையில கிடைச்சானெண்டா...” பன்னிரண்டு வருஷமாக இதே ஏச்சுத்தான்.

பீற்றிஸ் குரலைத் தாழ்த்தினாள். “அந்தக் கள்ளி நான்தான் சேர்.”

ஹெக்டர் உளியைக் கீழே வைத்தார்.

“தொண்ணூறில மீன்பிடிக்கத் தடை. கூட்டாளிமார் மூணு பேர் களவா வாவிக்குப் போக இவரையும் கூப்பிட்டாங்க. ஆமிக்காரர் கண்ட இடத்தில சுடுறாங்க, போகாதீங்க எண்டு காலப் பிடிச்சன். கேக்கல்ல. புதுச்சுவர் ஈரமா நிண்டிச்சு. மனிசன் வெளிய போன நேரம் வலைய அதில ஒட்டி, மேல களிமண்ண அப்பிப்போட்டன். வலையில்லாம இவர் போகல்ல. போன மூணு பேரும் திரும்பி வரல்ல.” கண்ணைத் துடைத்தாள். “அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி நன்றி சொன்னன். இவரிட்டச் சொல்ல மட்டும் வாய் வரல்ல. வலை எண்டா மனிசனுக்கு உசிர். தெரிஞ்சா மன்னிக்கவே மாட்டார்.”

“வலைக்கண் எந்த அளவு அக்கா? அது தெரியாட்டிக் கணக்குச் செய்ய ஏலாது.”

“பயத்தில அப்பின வலைய ஆர் சேர் அளந்து பார்த்த?”

ஹெக்டர் சிரித்துவிட்டு உளியைப் பையில் போட்டார். கட்டுரை போனால் போகட்டும், இந்த மனுஷியின் நிம்மதியைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டார்.

பஸ் வரைக்கும் யோசேப் கூடவே வந்தான். வழி நெடுகக் கள்ளனுக்கு ஏச்சு. சந்திக்கு வந்ததும் திரும்பிப் பார்த்தான். வீடு மறைந்திருந்தது.

“எழுதிக்கொள்ளுங்க சேர். நைலோன் வலை. கண் ரெண்டு அங்குலம். மடிச்சு ரெண்டு அடுக்காப் போட்டிருக்கு.”

ஹெக்டர் பையில் பேனையைத் தேடினார். தூரத்தில் பஸ் ஹோர்ன் அடித்தது.

“அண்டைக்கே ஒரு மூலையில வலை முடிச்சு வெளிய தெரிஞ்சது. மிச்ச மண்ண அப்பி மறைச்சது நான்தான். எனக்கும் போகப் பயம் சேர், கூட்டாளிமாரிட்ட அத வாய்விட்டுச் சொல்ல ஏலுமா?” பஸ்ஸுக்குக் கையை நீட்டியபடி சொன்னான். “மாநாட்டில நன்றி சொல்ற நேரம் என்ட பங்கையும் சேர்த்து அவளுக்குச் சொல்லிப்போடுங்க, நான் இஞ்ச கள்ளன ஏசிக்கொண்டுதான் இருக்கவேணும்.”