சங்கத்துக்கு ஒரு தியாகி

மாலை போட்ட படத்துக்கு முன்னால் விழுந்து, "ஏ ராசா, ஒன் ஒடம்பக்கூடக் கண்ணுல காட்டலையே!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள் இருளம்மாள். மதுரையிலிருந்து வந்திருந்த கர்னல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

சங்கத் தலைவர் சோலைமலைக்கு வயிறு குளிர்ந்தது. சங்கத்துக்குக் கேட்டிருந்த கட்டடம் கிடைத்த மாதிரிதான்.

அச்சங்குளம் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்கு ஒரே ஒரு குறை. வெள்ளைக்காரன் சண்டையில் உறுப்பினர் வீட்டு ஆள் ஒருவர்கூடச் சாகவில்லை. சோலைமலையே அம்பாலா ராணுவக் கிடங்கில் கம்பளி எண்ணிவிட்டுத் தொந்தியோடு திரும்பியவர். ஏழாயிரம்பண்ணைச் சங்கமோ செத்தவர்கள் பெயரைச் சொல்லியே ஓட்டுக் கட்டடம் வாங்கிவிட்டது. தியாகி இல்லாமல் நினைவு நாளை எப்படி நடத்துவது?

பினாங்கில் கடை வைத்துச் செழிப்பாக இருந்த தன் தம்பி இராமகிருஷ்ணனின் படத்துக்கே சோலைமலை மாலை போட்டுவிட்டார். அழச் சொன்னதும் பெற்ற தாய் விளக்குமாற்றைத் தூக்கிவிட்டாள். அதனால் பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கும் இருளம்மாளைக் கீழத்தெருவிலிருந்து ஒரு நாள் கூலிக்குத் தாயாக அழக் கூட்டிவந்தார்கள். மற்றபடி கீழத்தெருக்காரர்களுக்குச் சங்கத்தில் இடமில்லை. பட்டாளத்தில் அவர்களோடு ஒரே வரிசையில் நின்றதே போதும் என்பது சங்கத்தாரின் எண்ணம்.

துப்பாக்கி மரியாதைக்குப் பதிலாகக் கம்பெனி வேட்டு போட்டார்கள். முதல் வேட்டுக்கே வீரர்களில் பாதிப்பேர் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டார்கள்.

கர்னல் இருளம்மாளிடம் குனிந்து கேட்டார். "உங்க மகன் எங்கம்மா இறந்தான்?"

பர்மா என்று சொல்லும்படி சோலைமலை படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"கோகிமாவுலங்கய்யா. சித்திர மாசம். மலையிலயே பொதச்சுட்டாகளாம்."

கர்னலுக்குக் கண் கலங்கிவிட்டது. "நானும் அங்கதாம்மா சண்டை போட்டேன்" என்றார். கட்டடத்துக்கு அப்போதே சம்மதம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் போனதும் சோலைமலை விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏ இருளம்மா, பர்மான்னுதான சொல்லச் சொன்னேன்? நீயா எடுத்துவிட்டது அம்புட்டுப் பொருத்தமா போச்சே! கூலிக்கு அழ வந்தவ மாதிரியா இருந்துச்சு?"

அவர் நீட்டிய கூலியை இருளம்மாள் வாங்கவில்லை. மூக்கைச் சிந்தி, முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கோகிமாவுல செத்தது எம் மகன் பெத்தணன், சாமி."