பெரிய எழுத்து மில்லிமீட்டர்

"நாய் தாராளமா போய்ட்டு வருது, சார். அந்த வீட்டு அம்மா குழந்தையை இடுப்புலேர்ந்து இறக்கவே மாட்டேங்கறாங்க. கைப்பிடியைக் கழட்டிக் கொண்டுவந்துட்டோம்" என்றார் பட்டறை ஃபோர்மேன்.

பால்கனிக் கைப்பிடி. கம்பிகளுக்கு நடுவே நூறு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி, வரைபடத்தில் இருநூறாக இருந்தது. அதன் மூலையில், 'சரிபார்த்தவர்' கட்டத்தில், சுழியெல்லாம் போட்டு என் கையெழுத்து. அலுவலகத்தில் எனக்குக் கழுகு என்று பெயர். கழுகு அன்று எந்த மரத்தில் தூங்கியது என்று யாரும் கேட்கவில்லை.

மேலாளரின் பார்வை அதை வரைந்த பெண்மேல்தான் போனது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அன்றுதான் முடிவாக வேண்டும்.

"சாயங்காலத்துக்குள்ள நீங்களே சொல்லிடுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

அவளைக் கூப்பிட்டேன். எனக்குத் திட்ட வராது, நக்கல்தான் வரும்.

"ஏம்மா, நியூட்டன்னு ஒரு மனுஷன் இருந்தாரு. அவர் பேர்ல இருக்கற அலகுக்கு இங்கிலீஷ்ல N-னு பெரிய எழுத்து போடறோம், மரியாதை. மில்லிமீட்டருக்கு எதுக்குப் போடறே? உங்க சித்தப்பாவா?"

"இல்ல சார்."

"கிலோகிராமுக்கும் இதே கூத்து. உன் எழுத்தைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது. அந்தக் கோபத்துல தேடித்தான் அன்னிக்கு உன் ஏணி டிராயிங்ல ஒரு படி குறையறதையே கண்டுபிடிச்சேன்."

"ஆமா சார்."

"போன மாசம் உன்கிட்ட புலம்பினேன். அடுத்த டிராயிங்ல எல்லாத்தையும் அழகா சின்ன எழுத்துல போட்டே. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. கடைசியில அதுலதான் நாய் போகுது."

"இடைவெளி என் தப்புதான் சார். கம்பியை மாத்தி வரைஞ்சப்போ கவனிக்கல."

"அந்த மாதிரி தப்பு எல்லாருக்கும் வரும். ஒரு தடவை சொன்னா புரியற பொண்ணுக்கு, எழுத்து மட்டும் எப்படி தினமும் தப்பாகும்? மேனேஜர்கிட்ட உன்னைப் பத்தி நல்லதா சொல்லணும்னுதான் கேக்கறேன். நேரா பதில் சொல்லும்மா."

மேஜையில் இருந்த சிவப்புப் பென்சிலைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த டீ கிளாஸைப் பார்த்தாள். பிறகு என்னை.

"எழுத்தெல்லாம் சரியா இருந்தா, நீங்க டீயைக் குடிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டுடறீங்க, சார். ஒரு பெரிய எழுத்து கண்ணுல பட்டாத்தான் ஒவ்வொரு அளவா தேடறீங்க. அதான் வேணும்னே ஒண்ணு போட்டு வைப்பேன். நீங்க அவ்வளவு வருத்தப்பட்டீங்களேன்னு, அந்த டிராயிங்ல மட்டும் போடல."

'நிரந்தரமாக்கலாம்' என்று மேலாளருக்குச் சொல்லியனுப்பினேன். கூடவே, காலையிலிருந்து ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போன மற்றவர்களின் வரைபடங்களை எல்லாம் உடனே திரும்பக் கொண்டுவரச் சொன்னேன்.