குதிரைப் பெரட்டு

"இன்னிக்கு நப்ரீஸ் கோட்டையில ஒரு உயிர்கூட மிஞ்சக்கூடாது!" என்று பல்லைக் கடித்தார் இராசையா.

போன வருஷம் பதுளையில் இதே பலகைப் போர் விளையாட்டில் அவரைத் தோற்கடித்துவிட்டு, "அங்கிள், நீங்க போய்த் தாயம் ஆடுங்க" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தவன் போன்கடை நப்ரீஸ். அந்தச் சிரிப்புக்குப் பதில் கொடுக்கத்தான் ஒரு வருஷமாகக் காத்திருந்தார்.

விதி எளிது. மணல் கடிகாரம் வடிவதற்குள் கோட்டை வாசலுக்கு வந்த வீரர்கள்தான் சண்டையில் சேர்த்தி. வீரனுக்கொரு பகடை, கூட்டுத்தொகை பெரிதானவர் ஜெயிப்பார், சமமானால் கோட்டை தப்பும்.

சற்று முன் நப்ரீஸின் இரண்டு வீரர்கள் பிந்திவிட்டார்கள். "பிந்தினது பிந்தினதுதான்! சேர்க்காதம்மா!" என்று மேசையைத் தட்டினார் இராசையா. நடுவர் சுபாஜினி இரண்டையும் ஒதுக்கி வைத்தாள்.

"ஐயா ரொம்பக் கண்டிப்பு."

"தெமோதரைப் பக்கம் தோட்டத்துல இருபது வருஷம் கணக்கப்புள்ளையா இருந்தவன்மா! காலையில வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுல பேர் கூப்பிட்டு முடிஞ்சா முடிஞ்சதுதான். ஒருத்தி, புள்ளைக்குக் காய்ச்சல்னு ரெண்டு நிமிஷம் பிந்தி ஓடியாந்தா. என்னா அழுகை! லயத்து வீட்டுக்கே திருப்பி அனுப்பிட்டேன்."

சுபாஜினி கடிகாரத்தைக் கவிழ்த்தாள். இது கடைசிச் சுற்று.

கோட்டைக்குள் மூன்றே பேர். இராசையாவிடம் பத்துக் குதிரை வீரர்கள். தொலைந்தான் பயல்!

பத்தையும் பலகை ஓரத்தில் வரிசையாக நிறுத்தித் தலை எண்ணினார். ஒன்று கோணலாக நின்றது, நேராக்கினார். வரிசை வளைந்தால் அவருக்குப் பொறுக்காது. நப்ரீஸின் வெளிறிய முகத்தை ஆசைதீரப் பார்த்துவிட்டு, இரண்டு குதிரைகளை வாசலுக்குத் தள்ளினார்.

"நேரம் முடிஞ்சிருச்சு," என்றாள் சுபாஜினி.

"ஐயோ, ரெண்டு செக்கன்தானேம்மா! இந்தா, தள்ளிட்டேன்!"

"பிந்தினது பிந்தினதுதாங்க."

எட்டுக் குதிரைகள் வெளியே போயின. பகடைகள் உருண்டன. இவருக்கு மொத்தம் ஐந்து, நப்ரீஸுக்கும் ஐந்து. கோட்டை தப்பியது.

நப்ரீஸ் துள்ளிக் குதித்தான். இராசையா இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

சுபாஜினி அந்த எட்டுக் குதிரைகளையும் அள்ளி அவர் கையில் வைத்தாள்.

"லயத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, ஐயா. அன்னைக்குக் காய்ச்சல்ல கெடந்த புள்ள நான்தான்."