கூப்பிடக் கூடாத பெயர்

ஆஸ்திரேலியப் பழங்குடி ஊர் ஒன்றின் முன்பள்ளி முற்றத்துச் செம்மணலில் பிள்ளைகள் வட்டமாகக் குந்தியிருக்கிறார்கள். ஆசிரியை லோர்னா மூன்று விரல்களை மணலில் அழுத்தி, "யாரு நடந்து போனது?" என்கிறாள். "ஈமு!" என்கிறது ஒரு குரல். "இல்ல, இவங்கப்பன்! ஆட்டத்துல தோத்துட்டு வர்றாரு!" என்கிறான் ஜெத்ரோ, பக்கத்துப் பையனைக் காட்டி. மணல் பறக்கச் சிரிக்கிறார்கள். அடுத்து கங்காருவின் தடம். அது சிவப்புச் சட்டைச் சிறுமியின் முறை. லோர்னா கை நீட்டி, பழைய பழக்கத்தில் அவளைப் பெயர் சொல்லி அழைத்துவிடுகிறாள். மூன்று வாரமாக ஊரில் யாரும் சொல்லாத பெயர் அது. அப்போது செத்துப்போன லோர்னாவின் தங்கைக்கும் அதே பெயர். சொன்னால் போனவளின் ஆவி போகாமல் நின்றுவிடும் என்று, இந்தச் சிறுமியையும் எல்லோரும் குமஞ்சாயி என்ற மாற்றுப் பெயரிலேயே கூப்பிடுகிறார்கள். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே லோர்னாதான். "அடியே, என்ன காரியம் பண்ணிட்ட!" என்று உடன் வேலை செய்யும் மார்லீன் வாயைப் பொத்திக்கொள்கிறாள். அவளைப் பார்த்துப் பிள்ளைகளும் வாயைப் பொத்துகிறார்கள். சிறுமி மட்டும் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்து மடியில் விழுகிறாள். "இன்னொரு தடவ கூப்பிடு, சின்னம்மா." லோர்னா உதட்டைக் கடித்துக்கொண்டு குனிகிறாள். அந்தப் பெயர் நாக்கில் இனித்ததை நினைக்க அவளுக்கு உடம்பு கூசுகிறது.