ஏரிக்கரை மதில்

"உன்னால வீட்டம்மாவுக்கு ஏரியே தெரியலை, கொசுதான் தெரியுது!" என்று மதில், தன் காலடியில் வளர்ந்திருந்த கோரையைப் பார்த்து மறுபடியும் கத்தியது.

"உன் காலடி மண்ணை நான்தான்டி பிடிச்சு வச்சிருக்கேன்," என்றது கோரை.

"பெரிய உபகாரம்! நான் சிமெண்ட்டாக்கும்."

மறுநாளே ஆட்கள் வந்து கோரையை வேரோடு பிடுங்கிக் கரையில் போட்டார்கள். அந்த இடத்தில் கடையில் வாங்கிய புல்லைப் பாய் போல விரித்தார்கள். மதிலுக்குப் பெருமை தாங்கவில்லை.

மழையில் ஏரி நிரம்பியதும், அடியில் யாரோ உறிஞ்சுவது போலச் சத்தம் கேட்டது.

"புல்லே, கீழே யாரு?"

"எனக்கு விரல்கடை வேருதான், அக்கா. அவ்வளவு ஆழம் தெரியாது."

"நான்தான்," என்றது ஏரி, ரொம்பப் பிரியமாக. "நீ பாட்டுக்கு நில்லு. மண்ணை மட்டும் எடுத்துக்கறேன்."

மதிலுக்கு உள்ளங்கால் சில்லிட்டது. லேசாக முன்னால் சாய்ந்தபடி, பட்டுப்போய்க் கிடந்த கோரைக் குவியலைக் கூப்பிட்டது.

"அடியே, கொஞ்சம் பிடிச்சுக்கோயேன்."