எட்டாம் நம்பர்

"மாமா, நம்ம மாளவிகா எந்த நம்பர்?"

"அஞ்சு," என்றார் சுப்பராமன், கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மகளின் நம்பரைத் தெரிந்துகொண்ட சபா காரியதரிசி பத்ரிநாராயணன் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியே போனார். வாசலில் நின்ற சாருலதாவைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

சாருலதாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

முகம் பார்த்து மார்க் போடாத பாட்டுப் போட்டி என்று மயிலாப்பூரில் அந்த சபாவுக்குப் பெயர். பிள்ளைகள் மைக் முன்னால் பாடுவார்கள். பாட்டு கம்ப்யூட்டரில் பதிவாகும். முதலில் ஒவ்வொரு ஃபைலுக்கும் அந்தந்தப் பிள்ளையின் பெயர்தான். எல்லாரும் பாடி முடித்ததும் சுப்பராமன் ஒரே ஒரு பட்டனைத் தட்டி அத்தனை பெயர்களையும் எடுத்துவிட்டு வெறும் நம்பராக்கிவிடுவார். நடுவர்களுக்கு நம்பர் மட்டும்தான் போகும். பாங்க்கிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் புத்தகம் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்ட வித்தை.

அதை நம்பித்தான் சாருலதா பொன்மணியை அழைத்து வந்திருந்தாள். கார்ப்பரேஷன் பள்ளியில் அவள் பாடம் நடத்தும் வகுப்புப் பெண். அடையாற்றங்கரைக் குடிசை. அப்பா இல்லை. அம்மா தேவானை வீட்டு வேலைக்குப் போகிறாள். முதல் பரிசு வாங்கினால் சங்கீதப் பள்ளியில் சம்பளமில்லாமல் சேர்த்துக்கொள்வார்கள். அதை விட்டால் பொன்மணிக்கு வேறு வழி கிடையாது.

"இன்னா டீச்சர், எல்லாரும் உள்ள போய்க்கினு வந்துக்கினு கீறாங்கோ. நாமளும் எதுனா சொல்லணுமா?" என்று சற்று முன்னால்தான் அந்தப் பெண் கேட்டது.

"ஒண்ணும் வேணாம். நீ பாடினது போதும்," என்று சொல்லிவிட்டு வந்தவள், இப்போது நேராக சுப்பராமனிடம் போனாள்.

"சார், பொன்மணி எந்த நம்பர்?"

சுப்பராமன் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"உங்களுக்கும் வேணுமா டீச்சர்?"

"காரியதரிசி பொண்ணுக்குச் சொல்லலாம், எனக்குச் சொல்லக் கூடாதா?"

"கூடாதுன்னு நான் சொல்லலையே. எட்டு."

தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் போன் செய்தாள். நடுவர்களில் ஒருவரான ஜெயபாரதி, கல்லூரியில் சாருலதாவுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர்.

"மேடம், எட்டாம் நம்பர். அப்பா இல்லாத குழந்தை மேடம். கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க."

"இதெல்லாம் நீ பேசலாமா சாரு?"

"மத்தவங்க பேசறாங்களே மேடம்."

"சரி, பார்க்கறேன்."

இது சிபாரிசு இல்லை, நியாயம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு சாருலதா பஸ் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்பு. அங்கே முடிவு சொல்லும் வழக்கமும் தனி. நம்பரைச் சொல்லி, அந்தப் பாட்டைக் கம்ப்யூட்டரில் போடுவார்கள். தன் குரலைக் கேட்ட பிள்ளை எழுந்து மேடைக்கு வர வேண்டும்.

"மூன்றாம் பரிசு, எட்டாம் நம்பர்."

மூன்றாவதுக்கு ஒரு வெள்ளி டம்ளர், அவ்வளவுதான். சங்கீதப் பள்ளி போயிற்று.

"எழுந்திரும்மா," என்றாள் சாருலதா பொன்மணியிடம்.

ஸ்பீக்கரில் பாட்டு வந்தது.

"இது நான் இல்ல டீச்சர்."

முன்வரிசையில் மாளவிகா எழுந்து நின்றாள். பத்ரிநாராயணன் மகளைப் பார்த்து முழித்தார். கை தட்ட வேண்டும் என்பதே அவருக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தோன்றியது.

இரண்டாம் பரிசு ஒரு பையனுக்குப் போனது.

"முதல் பரிசு, இருபத்தொன்று."

நாலு ஸ்வரம் வருவதற்குள் அரங்கில் பேச்சு அடங்கிவிட்டது.

"என் குரலு டீச்சர்," என்றாள் பொன்மணி மெல்ல. பின்னால் தேவானை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லாம் முடிந்ததும் சாருலதா மேடையோரம் போனாள். சுப்பராமன் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எட்டுன்னு சொன்னீங்களே சார்?"

"நீங்க கேட்டப்போ அவ எட்டுதான். மாளவிகா அஞ்சுதான். எனக்குப் பொய் சொல்ல வராது டீச்சர். யார் வந்து கேட்டாலும் உள்ளதைச் சொல்லிடுவேன். கேக்க வேண்டியவா எல்லாரும் கேட்டுண்டு போனப்புறம், நடுவர்களுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி இன்னொரு தட்டு. எல்லா நம்பரும் கலைஞ்சு இடம் மாறிடும். எது யாரோடதுன்னு அப்புறம் எனக்கே தெரியாது. குரல்தான் சொல்லணும்."

சாருலதாவுக்கு மனசு லேசாகிவிட்டது. "உங்களைப் போய்த் தப்பா நினைச்சுட்டேன் சார்."

"அதனால என்ன," என்றபடி அவர் அடுத்த ஒயரை எடுத்தார்.

அதற்குள் ஜெயபாரதியே அவளைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"அந்த இருபத்தொண்ணு என்ன குரல் சாரு. நாங்க ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கவே இல்லை, எல்லாருமே முதல் இடம்னு எழுதிட்டோம். உன்னோட எட்டுதான் சுமார். மூணாவதுக்கு வேற ஒரு குழந்தைதான் இருந்தது. நீ அவ்வளவு சொன்னியேன்னு நான்தான் பிடிவாதமா நின்னு எட்டுக்கு வாங்கிக்கொடுத்தேன்."

மேடையில் மாளவிகாவைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கையில் வெள்ளி டம்ளர். அவள் தோளில் கை போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி பத்ரிநாராயணன்.

ஜெயபாரதி அந்த இருவரையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அப்பா இல்லாத குழந்தைன்னு சொன்னியே சாரு?"