மண் பொம்மையின் இடக்கை
ஹூஸ்டன் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் முழ உயரத்துக்கு நிற்கிறாள், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனக் கல்லறையொன்றில் செத்தவருக்குத் துணையாக வைத்துப் புதைத்த மண் நாட்டியக்காரி. முகத்தில் மூக்கும் ஒரு கீறல் வாயும்தான். உடையின் மடிப்புகளில் மட்டும் சிவப்புச் சாயம் ஒட்டியிருக்கிறது. வலது சட்டைக்கை நீண்டு பாதத்தைத் தொடுகிறது. இடது கை தோளோடு உடைந்து போயிருக்கிறது. பரதம் சொல்லிக்கொடுக்கும் அஞ்சனா பெட்டிக்கு அருகில் வந்து குனிகிறாள். அந்த வளைந்த இடுப்பையும் சாய்ந்த தலையையும் பார்த்ததுமே, போன கை எங்கே இருந்திருக்கும் என்று அவள் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. பெட்டியைச் சுற்றிக்கொண்டு பொம்மையின் முதுகுக்குப் பின்னால் போய் அதேபோல் நிற்கிறாள். ஆபரேஷனுக்குப் பிறகு அடம்பிடித்துக்கொண்டிருந்த முழங்கால் தானாக மடங்குகிறது. மஞ்சள் துப்பட்டாவின் நுனியைப் பற்றி இடது கையை மேலே வீசுகிறாள். பெட்டிக்கு முன்னால் நிற்கும் மகள் தீக்ஷா பல்லைக் கடிக்கிறாள். “அம்மா, ஸ்டாப். எவ்ரிபடி இஸ் லுக்கிங்.” காவலாளிகூடத் திரும்பிவிட்டார். அஞ்சனா கையை இறக்கவில்லை. தீக்ஷாவின் பார்வை கண்ணாடியிலேயே நின்றுவிடுகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உடைந்த மண் தோளுக்கும் அதன் பின்னால் பறக்கும் துப்பட்டாவுக்கும் அளவு பார்க்கிறாள். “இன்னும் கொஞ்சம் மேலம்மா,” என்கிறாள்.